பொத்தான் இல்லாத பெட்டி

அன்பு மகள் வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் எங்கள் வேலையை நாங்களே பார்த்துக்கொள்ளும்படி இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பசித்துச் சாப்பிட்டுப் படுத்ததும் தூங்குகிறவர்களாக இருக்க வேண்டும், அதுதான் வேண்டியது. முப்பது வயதைத் தாண்டி, உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிற நிலையிலும் வாண்டு என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, வேறு பெயர் கைக்கு வரமாட்டேன் என்கிறது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நேற்று அவளே, "எழுதிடுங்க, ஆனா புள்ளையப் பதற வெக்கிற மாதிரி எழுதாதீங்க" என்று சொன்ன பிறகுதான் பேனாவைத் தேடினேன். பதறாமல் படி. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் போன் செய்.

முதலில் மற்ற சங்கதிகள். ஆஸ்பத்திரிக் கட்டடத்து லிப்டுகளைப் பார்க்கக் காலை வேளையில் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், ஓய்வு கொடுத்த கம்பெனியே திரும்பவும் கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பது. மூட்டு வலி மழை பெய்தால் மட்டும் ஞாபகப்படுத்துகிறது. கீழ் வீட்டுத் தையல்காரர் இப்போது மூன்றாவது மிஷின் போட்டுவிட்டார், மூன்றும் சேர்ந்து ஓடினால் நம் வீட்டுத் தரை கூட லேசாக அதிரும். மாடித் தொட்டி ஒழுகியதை அடைத்தாகிவிட்டது. உனக்கு முதுகு வலி என்றாயே, ஆபீஸ் நாற்காலியை மாற்றிக் கேள், கூச்சப்படாதே, பத்துப் பேருக்கு மேலே இருக்கிறவளுக்கு ஒரு நாற்காலி தரமாட்டார்களா. வலிக்கிற இடத்தில் தைலம் தடவிவிட்டு அதே நாற்காலியில் போய் உட்கார்வதில் என்ன பிரயோஜனம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நம் சிடி பிளேயர் பாட்டை நடுநடுவே விழுங்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும். நீதான், அப்பா இனிமேல் அதை ரிப்பேர் செய்யாதீங்க, நெட்வொர்க் ஸ்ட்ரீமர்னு ஒண்ணு வாங்குங்க, இன்டர்நெட்லருந்து பாட்டை நல்ல தரத்துல எடுத்து நம்ம பழைய ஆம்ப்ளிஃபயருக்கே கொடுக்கும், ஸ்பீக்கரையும் மாத்த வேண்டாம் என்று சொன்னாய். நல்ல யோசனைதான், இப்போதும் அதில் குற்றம் இல்லை. நீ சொன்னதும் எனக்குச் சின்னப் பையன் மாதிரி ஆசை வந்துவிட்டது. வேலை முடிந்து வந்தால் அதைப் பற்றியே படிப்பேன். வெறும் எண்களாக வருகிற பாட்டைக் காதில் கேட்கிற சத்தமாக மாற்றுகிற சிப் எது உயர்ந்தது, வைஃபை போதுமா, ஒயர் இழுக்க வேண்டுமா, நம் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கிற சிவப்பு வெள்ளைத் துளைகளில் அது பொருந்துமா என்று எல்லாம் கரைத்துக் குடித்தேன். அம்மா சிரித்தாள், பொண்ணு பாக்கப் போற மாதிரில்ல தயாராகுறீங்க என்றாள்.

கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், அதை நீ நம்ப வேண்டும். கடைக்காரருக்குப் பெரிய மீசை, நாங்கள் எங்களுக்குள் மீசைக்காரர் என்றே பெயர் வைத்துக்கொண்டோம். மாடியில் சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய ஒரு அறை. மூன்று பெட்டிகளை வைத்து ஒரே வயலின் வாசிப்பை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். எனக்கு மூன்றும் ஒன்றுதான். முப்பது வருஷம் லிப்டு மோட்டார் அறையில் நின்ற காது, இதற்கு மேல் என்ன கேட்கும். அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள், இரைச்சலுக்குள் இருந்து ஒரு குரலைப் பிரித்து எடுத்தே சம்பளம் வாங்கியவள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நடுவுல போட்டது. அதுல வில்லு கம்பி மேல விழுறதுக்கு முன்னாடி அந்த ஆளு மூச்சு இழுக்குறது கேக்குது" என்றாள். மீசைக்காரர் எழுந்து நின்று கும்பிடாத குறை. நடுவில் போட்டதையே வாங்கினோம். கறுப்பாக, வழவழவென்று, ஒரு சோப்புப் பெட்டியைப் போல அழகாக இருந்தது. உடம்பில் ஒரு பொத்தான் கிடையாது. எல்லாமே போனில் இருக்கிற ஆப்பில்தான். கடையில் மீசைக்காரர் தன் போனை வைத்து ஓட்டினார், அம்மா காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதைக் கேட்டேன் வாண்டு, அவள் கையைக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் மாட்டியது ஒரு பெரிய வேலையாக இருந்தது. ரவுட்டர் முன்னறையில், ஆம்ப்ளிஃபயர் உள்ளறையில், வைஃபையில் போட்டால் அவ்வப்போது திக்கியது. சரி என்று லேன் ஒயரைச் சுவர் ஓரமாக இழுத்து, கதவு நிலையைச் சுற்றிக் கிளிப் அடித்து, ஒரு இடத்தில் கூடத் தொங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன், லிப்டுக்காரன் இழுத்த ஒயர் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். அன்று சாயங்காலம் முதல் பாட்டைப் போட்டபோது உனக்கும் வீடியோவில் காட்டினேனே. அம்மா ரொம்ப நல்லா இருக்கு என்றாள். பழைய சிடிகளில் இருந்த பாட்டையெல்லாம் மீசைக்காரர் ஒரு சின்ன டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அதற்கப்புறம் சிடி அலமாரி எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு, என்று பழைய சிடி எடுக்கிற ஆளைக் கூப்பிட்டேன். கெட்டுப்போன பிளேயரையும் சேர்த்து அவரிடமே தள்ளிவிட்டேன்.

அந்தச் சிடிகளில் அம்மா நூல் கட்டி வைத்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு டப்பாவின் முதுகிலும் ஒரு நூல், சிலதில் ஒரு முடிச்சு, சிலதில் இரண்டு, வயலினுக்கு ஒரு சட்டைப் பொத்தான், புல்லாங்குழலுக்கு ரப்பர் பேண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தையல்காரரிடம் உதிரிப் பொத்தான் வாங்கி வந்து உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தபோது, சிடிக்கெல்லாம் ஜடை பின்னி விடுறியா என்று கேலி செய்தேன். பொழுது போகலை, அதான் என்றாள். பழைய சிடி எடுக்கிறவர் இந்த நூலெல்லாம் இருந்தால் எடுக்கமாட்டேன் என்றார். நான் நகவெட்டிக் கத்தரியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். அம்மா பக்கத்தில் நாற்காலியில்தான் இருந்தாள். நடுவில் ஒரு தடவை, எல்லாத்தையுமா என்று கேட்டாள். ஆமா, எல்லாத்தையும்தான், இனிமே எதுக்கு இந்தக் குப்பை என்றேன். நான் ரேடியோவில் வருகிற விளம்பரப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெட்டி முடித்தேன்.

அதற்குப் பிறகு நான் சாயங்காலங்களில் போனை எடுத்துப் பாட்டுப் போடுவேன், அவள் கேட்பாள். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன், அவளும் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் போனிலும் ஆப்பை ஏற்றி, எப்படித் தொட வேண்டும் என்று காட்டிக்கூடக் கொடுத்தேன். சரி சரி என்றாள். நீயும் போனில் கேட்டபோது தினமும் கேக்குறேன் கண்ணு என்றாள். நாம் இரண்டு பேரும் நமக்குள் மெச்சிக்கொண்டோம்.

போன மாதம் ஒரு நாள் படியில் தையல்காரரைப் பார்த்தேன். என்ன அண்ணே, அண்ணிக்கு என்ன ஆச்சு, ரெண்டு நாளா ஜன்னலுக்கு வரலையே என்றார். என்ன ஜன்னல் என்று கேட்டேன். அவருக்கு அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, தயங்கிவிட்டு, "இல்ல அண்ணே, காலையில நம்ம கடை ரேடியோ ஓடும்ல, அண்ணி மேல சமையல்கட்டு ஜன்னல்ல உக்காந்து கேப்பாங்க. கொஞ்சம் சத்தமா வையுங்க தம்பின்னு கேட்டுக்கிட்டாங்க. மிஷின் ஓடுற நேரம் கேக்காதுன்னுட்டு நானும் பாட்டு வரும்போது மிஷினை நிறுத்தி வெப்பேன்" என்றார். அந்த ரேடியோ எப்படிப்பட்டது தெரியுமா உனக்கு, முகப்பு உடைந்து நாடா சுற்றியது, பாடுகிறவர் எல்லாருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டில் இவ்வளவு நல்ல பெட்டியை வைத்துக்கொண்டு, அடுத்தவர் ரேடியோவுக்கு ஜன்னலில் போய் உட்காருவதா என்று விறுவிறுவென்று படி ஏறினேன்.

ஏறிப் போய்க் கேட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தப் பெட்டி உங்களுக்குத்தான் பாடுது. எனக்குப் பாட மாட்டேங்குது" என்றாள். போனில் இருக்கிற படமும் எழுத்தும் தெரியவில்லை என்றாள். கண்ணாடி மாத்தணும்னா சொல்ல வேண்டியதுதானே என்றேன். கண்ணாடிக்கு அடங்காதுங்க என்றாள். அப்புறம்தான் மெல்ல மெல்லச் சொன்னாள். இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டதாம். எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பூச்சு நிற்கிறதாம். ஓரத்தில் தெரிகிறது, அதனால் நடக்கிறாள், சமைக்கிறாள், வாசலில் ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்பதைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாள். கண் டாக்டர் இதை முதலிலேயே சொல்லிவிட்டாராம், படிப்படியாக இப்படித்தான் ஆகும், தயாராக இருங்கள் என்று. என்னிடம் வயசான கண்ணுக்குச் சொட்டு மருந்து என்று சொல்லியிருந்தாள். நானும் நம்பினேன். பேப்பரை நீங்க படிச்சுக் கேட்டா நல்லா இருக்கு என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது, என் குரல் அவ்வளவு நன்றாக இருக்கிறதாக்கும் என்று பெருமைப்பட்டவன் வாண்டு நான்.

தயாராக இருங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு அவள் செய்த ஒரே காரியம் அந்த நூல் கட்டியதுதான். வெளிச்சம் இருக்கும்போதே, கை மட்டும் போதும் என்கிற மாதிரி அந்த அலமாரியைத் தனக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறாள். முடிச்சைத் தடவினால் யார் பாடியது என்று தெரியும், பிளேயரில் பெரிய பொத்தான் இருக்கும், அழுத்தினால் டக்கென்று சொல்லும். அதைத்தான் நான் தரையில் உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, அவள் காது கேட்க ஒவ்வொன்றாக வெட்டினேன். ஏண்டி அப்பவே சொல்லலை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கத்தரியத் தூக்கிப் போட்டிருப்பேனே என்று கேட்டேன். "நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. புள்ள வேற அங்கேருந்து ஆசையா சொல்லியிருக்கா. அதைச் சொன்னா கண்ணைச் சொல்லணும். கண்ணைச் சொன்னா அன்னையிலருந்து நீங்க என்னைக் கையப் புடிச்சுதான் கூட்டிட்டுப் போவீங்க. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டுமேன்னு பாத்தேன்" என்றாள். வெங்காயம் பாதி நறுக்கியபடி கிடந்தது, மீதியை நான் நறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

போனிடம் வாயால் சொன்னால் அது பாட்டுப் போடும் என்று நீ கேட்பாய் என்று தெரியும். அதையும் முயன்று பார்த்திருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லாதபோது ஒரு பாட்டின் முதல் அடியைச் சொன்னாளாம், அது பல் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டது. அந்தப் பக்கம் இருந்த பெண் என்ன பல் அம்மா என்று கேட்க, இவள் பயந்துபோய் கடைவாய்ப் பல் என்று சொல்லி ஒரு நேரமும் வாங்கிவிட்டாள். இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தாள். மெஷின்கிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்க எனக்குப் பிடிக்கலைங்க என்றாள்.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று உண்டு. லிப்டு பொத்தான்களில் எண்ணுக்குப் பக்கத்தில் மேடாகப் புள்ளிகள் இருக்குமே, பார்வை இல்லாதவர்கள் தடவிப் படிப்பதற்கு. எத்தனை கட்டடங்களில் அந்தப் பலகையைப் பொருத்தியிருக்கிறேன். ஒரு கட்டடத்தில் தட்டையான பலகை வந்தபோது, இதை எப்படி அவங்க பயன்படுத்துவாங்க என்று கம்பெனிக்காரரிடம் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியவன் நான். யாரோ முகம் தெரியாதவர்களுக்காக எனக்குத் தோன்றியது, எதிரில் உட்கார்ந்து தினமும் எனக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறவளுக்காகத் தோன்றவில்லை. இந்தப் பாரத்தை நீ உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ சொன்னது ஒரு பொருளை. பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவன் நான்.

மறுநாளே சிடி எடுத்தவரைத் தேடிப் போனேன். கிடங்கு மாதிரி ஒரு அறை, கூரை வரைக்கும் டப்பாக்கள். எல்லாம் கலந்து எங்கெங்கோ போய்விட்டது சார், நீங்க வேணும்னா தேடிப் பாருங்க என்றார். தேடினேன். நம்முடையது மாதிரி சில இருந்தன, ஆனால் நம்முடையதுதானா என்று எப்படிச் சொல்வது. இருந்த அடையாளத்தை நானே வெட்டிப் போட்டிருந்தேனே. வெறும் கையோடு வந்தேன். அம்மாவிடம் எங்கே போனேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, சட்டையில் இருந்த தூசியின் வாசனையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு மீசைக்காரர் கடைக்கு இரண்டு பேரும் மறுபடி போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "யாரு ஓட்டப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சார், நான் சத்தத்தைப் பத்தியே பேசிட்டேன்" என்றார். கறுப்புப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். பொத்தான் வைத்த ஸ்ட்ரீமர் இப்போது குறைவாகத்தான் வருகிறதாம், இரண்டை எடுத்து வைத்தார். அம்மா யாரையும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு விரலால் தடவிப் பார்த்தாள். முதலாவதில் பொத்தான் மாதிரி இருந்தது பொத்தான் இல்லை, கண்ணாடிக்கு அடியில் விளக்கு. "தொட்டா பதில் சொல்ல மாட்டேங்குது, கேட்டுச்சா கேக்கலையான்னே தெரியல" என்று தள்ளி வைத்தாள். இரண்டாவது பார்க்க லட்சணமாக இல்லை, டிபன் கேரியரைப் படுக்கப் போட்ட மாதிரி. ஆனால் திருகினால் படிப்படியாக நின்று நின்று போகிற குமிழ், அதற்குப் பக்கத்தில் வரிசையாக ஆறு பொத்தான், ஒவ்வொன்றிலும் நமக்கு வேண்டியதைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். ரிமோட்டிலும் அதே ஆறு. அழுத்தினாள், டக். இன்னொரு தடவை, டக். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதே வயலினைப் போடச் சொன்னாள். கேட்டாள். நான் எப்படி இருக்கு என்றேன். "அதுல அவரு நம்ம ரூமுக்குள்ள உக்காந்து வாசிச்சாரு. இதுல வாசலுக்கு வெளியில நிக்கிறாரு. பரவாயில்ல, கூப்பிட்டா வர்றாருல்ல" என்றாள். உள்ளே இருக்கிற சிப் ஒரு படி குறைவுதான் அம்மா, நீங்க சொல்றது சரி என்றார் மீசைக்காரர். அப்படியானால் இரண்டு பெட்டியையும் வைத்துக்கொள்வோம், சாயங்காலம் நான் அந்த நல்ல பெட்டியில் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "நல்லது உங்க கையில, சுமாரானது என் கையிலன்னு ஆயிடும். வீட்டுல ஒரு பெட்டி போதும், யாரு அழுத்தினாலும் ஒரே மாதிரி பாடட்டும்." வித்தியாசம் தெரிகிற காது வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது வாண்டு, அவள்தான் அதை விட்டுக்கொடுத்தாள். எனக்கு அன்றும் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

இந்தத் தடவை ஒயரை அவளே செருகினாள். நான் சிவப்பு வெள்ளை என்று சொல்லிக் கையில் கொடுத்தேன், அவள் ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் தடவித் துளையைக் கண்டுபிடித்து அழுத்தினாள். ஆறு பொத்தானிலும் என்ன வைப்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பாட்டு எல்லாம் டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்றும் தொலையவில்லை, ஆனால் அலமாரி நிறைய இருந்ததில் இருந்து இன்றைக்கு எது வேண்டும் என்று தடவி எடுப்பது வேறு, ஆறில் ஒன்றை அழுத்துவது வேறு. வேண்டுமானால் மாற்றிப் பதிந்து தருகிறேன் என்று தினமும் கேட்கிறேன். இப்போதைக்கு இதுவே போதும் என்கிறாள். சில நேரம் நடந்து போகிறபோது அலமாரி இருந்த சுவருக்கு அவள் கை போய், ஒன்றும் இல்லாமல் திரும்புகிறது. அந்த இடத்தில் நான் ஒரு படம் மாட்டலாம் என்று இருந்தேன், மாட்டவில்லை. இப்போது வேலை முடிந்து வரும்போது படியிலேயே நம் வீட்டுப் பாட்டு கேட்கிறது. தையல்காரர் தன் ரேடியோவை அணைத்துவிட்டு, அண்ணி இன்னும் கொஞ்சம் சத்தமா என்று கீழே இருந்து கேட்கிறாராம். எனக்கு அந்தப் பாட்டு காதில் விழும்போது சந்தோஷம்தான் வருகிறது, ஆனால் அதோடு கூடவே அது கேட்காமல் போன அத்தனை காலைகளும் வருகின்றன. நான் லிப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, இந்நேரம் அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துத் திருப்திப்பட்ட காலைகள்.

டாக்டரை இப்போது இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். போன பார்வை திரும்பாது, ஓரத்துப் பார்வை நிற்கும் என்றுதான் நம்புகிறேன், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். பயப்படுகிற மாதிரி வலியோ வேதனையோ ஒன்றும் இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை, அதை மட்டும் கவனமாக இருக்கிறேன், ஒரு அடி பின்னாலேயே போகிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வீடியோவில் பேசும்போது ஒவ்வொரு தடவையும், என்னடி இளைச்சுப் போயிட்டே என்பாளே, அது பார்த்துச் சொன்னது இல்லை. உன் முகம் அவளுக்குத் தெரிந்து ரொம்ப நாளாகிறது. அம்மாக்கள் சொல்கிறதை அவளும் சொல்லிவைத்தாள். போன வாரம் நீ முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கு என்று கேட்டபோது, ரொம்ப எடுப்பா இருக்கு என்றாள், போனை வைத்த பிறகு என்னிடம், என்னங்க பண்ணிக்கிட்டா அவ, புடவையா முடியா என்று கேட்டாள். இனிமேல் காட்டாதே, சொல். முடியைத் தோள் வரை வெட்டினேன், நீலச் சட்டை போட்டிருக்கிறேன், ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது என்று வாயால் சொல். அவள் கேட்பதில் கெட்டிக்காரி. தெரிந்துவிட்டது என்று காட்டி அழாதே, இப்போதுதான் தெரிந்தது போலவும் நடிக்காதே, சாதாரணமாக இரு.

லீவு கிடைக்கும்போது ஒரு தடவை வந்துவிட்டுப் போ, மாப்பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கு வலித்தால் மற்றவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், நல்லபடியாக, மனம் நிறைந்து இருங்கள். அந்த நாற்காலியை மாற்றக் கேட்டாயா இல்லையா என்று அடுத்த போனில் சொல்.

வரும்போது ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அம்மாவுக்கு எதிரே போய் உட்காராதே, எதிரே உட்கார்ந்தால் அவளால் உன்னைக் காண முடியாது. இடது பக்கம், தோளை ஒட்டி, நெருக்கமாக உட்கார். அவள் முகத்தை உன் பக்கம் திருப்பாமல் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி இருப்பாள். அப்போதுதான் உன்னைப் பார்க்கிறாள்.

உன் வரவை எண்ணிக்கொண்டு,
அப்பா